ஏரிக்குள் கட்டிய மஞ்சள் துணி

மாப்பிள்ளை,

இன்று காலை வல்லக்கோட்டை கோயில் வாசலில் யாரோ மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. சாமி கும்பிடப் போனவன் சாமியை மறந்து அழுதுகொண்டு நின்றேன். என் தங்கையைக் கட்டியவன் நீ. போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் என்னை விடமாட்டேன் என்கிறாய்.

நம் ஏரியில் ஒரு காலத்தில் நீண்ட சிவப்புக் கால்களோடு பவளக்கால் உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஊரே கண்ணி வைத்துத் தின்று தீர்த்ததில், எழுபதுகளின் ஒரு கோடையில் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியது. அதுவும் வற்றிய ஏரியில், வண்டல் மண் அள்ளும் மாட்டுவண்டிகளின் தடத்தை ஒட்டி முட்டையிட்டிருந்தது. "இத்தயும் அழிச்சிட்டா அப்பால இன்னா மச்சான் கீது நம்ப ஏரில?" என்றாய்.

உன் மூளை எப்போதும் குறுக்கு வழியில்தான் ஓடும். முட்டைகளைச் சுற்றிக் குச்சி நட்டு, மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டினாய். "அம்மன் குந்திகினு கீறான்னு வண்டிக்காரன் ஒதுங்கிப் பூடுவான், பாரேன்."

ஒதுங்கித்தான் போனார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பெண்கள் பொங்கல் பானையோடு வந்து இறங்கினார்கள். அடுப்புப் புகையிலும் பம்பைச் சத்தத்திலும் மிரண்ட பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. கீழே இறங்கவே இல்லை. முட்டைகளைக் காக்கை தின்றுவிட்டது. துணி கட்டியது நீதான் என்று ஊரில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உனக்கும் ஒரு தொன்னைப் பொங்கல் கொடுத்தார்கள். நீ அதைத் தொடவில்லை.

அடுத்த கோடையில் அந்த ஜோடி திரும்பி வந்தது. இந்த முறை நீ தந்திரம் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் போய் உள்ளதைச் சொல்லிக் கெஞ்சினாய். "பறவைக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாருய்யா" என்று கேலி பேசினார்கள்; ஆனாலும் தடத்தை மாற்றிக்கொண்டார்கள். கூட்டைச் சுற்றி நாம் முள் வெட்டிப் போட்டோம். அந்தச் சமயம் பார்த்துத்தான் உனக்குக் காமாலை முற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாய். நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "பொரிச்சிச்சா மச்சான்?"

ஒரு காலையில் பொரித்திருந்தது. மூன்று குஞ்சுகள் தாயின் பின்னால் சேற்றில் தத்தித் தத்தி நடந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ் பிடித்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வார்டு வாசலில் தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது ஏரி நிறையச் சிவப்புக் கால்கள். கண்ணியோடு வருபவனை வண்டிக்காரர்களே விரட்டுகிறார்கள். ஊரே பார்த்துச் சந்தோஷப்படுகிறது. எனக்குப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. உனக்காகக் கொண்டுவந்த சேதி இன்னும் என்னிடமே இருக்கிறது.

பொரிச்சிடுச்சு மாப்ளே. மூணும் நடக்குது.