மாலை போட்ட என் படம்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு பாரதிக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடும் சௌக்கியத்தோடும் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது. நீ அந்த ஐதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். நான் ஆரம்பிப்பதற்குள் ஷாட்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

உன் சீரியலில் கதாநாயகி வீட்டுச் சுவரில், செத்துப்போன அம்மா என்று என் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறாயே, அந்த விஷயம்தான். வாணியம்பாடி கல்யாணத்தில் நீ உன் போனில் எடுத்த படம் அது. வாயில் பீடா ஒதுக்கியிருந்தேன், ஒரு கன்னம் உப்பிக்கொண்டு தெரிகிறது. செத்தவளுக்குப் போட வேறு நல்ல படமா கிடைக்கவில்லை? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வழக்கம்போல முறுக்குத் தட்டோடு டீவி முன்னால் உட்கார்ந்தேன். இயக்கம், தயாரிப்பு பாரதி பஞ்சாட்சரம் என்று உன் பெயரோடு உன் அப்பா பெயரும் வருகிற இடத்தில் எப்போதும் ஒரு நிமிஷம் கண் கலங்கும், அன்றைக்கும் கலங்கியது, துடைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பெண் விளக்கேற்றி நிமிர்கிறாள், சுவரில் நான். அதை உன் அத்தை மகள் நந்தினி போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். பெருமைக்குத்தான் போட்டாள். ஆனால் டீவி ஓரமெல்லாம் வெட்டிவிட்டு நானும் மாலையும் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு எழுத்தும் எழுதாமல் போட்டாள். அப்புறம் கேட்கவேண்டுமா? ஆளாளுக்கு ஆத்மா சாந்தியடையட்டும் என்று போட ஆரம்பித்துவிட்டார்கள். என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

காலையில் கலவையிலிருந்து முதல் பஸ்ஸில் உன் சித்தப்பா சுந்தரமூர்த்தி வந்துவிட்டார். தெருமுனையிலிருந்தே சித்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி. யார் வீட்டில் என்னவோ என்று நான் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் சித்திக்கு ஒப்பாரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. சித்தப்பா கையில் ரோஜா மாலையோடு, இன்னா அண்ணி இது என்றார். நான் இன்னாவென்று சொல்ல? எதிர்வீட்டு சானியா அழுதுகொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டு எல்லோருக்கும் டீ போட்டாள். மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஷூ கம்பெனியில் என்னோடு ஸ்டிச்சிங்கில் இருந்தவர்கள்கூட வந்தார்கள், வேலையை விட்ட பிறகு ஒருத்தியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சானியா வீட்டுக்காரர் வக்கார் அகமது கடையிலிருந்து பிரியாணி சொல்லி அனுப்பினார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கத்திரிக்காயைத் தொட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டது நம் வீட்டில்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. உன் அப்பா போன பிறகு நம் வாசலில் அத்தனை செருப்பு கிடந்து நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். துக்க வீட்டில் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாதல்லவா, அந்த நினைப்பு அவருக்கு இன்னும் விடவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே போய்விட்டார்கள். கதவைச் சாத்தும்போது எனக்கு ரொம்ப பேஜாராகிவிட்டது. அத்தனை பேர் வந்தார்கள், மாலை போட்டவள்தான் வரவில்லை.

மறுநாள் உன் அசிஸ்டென்ட் அபினேஷ் என்று ஒரு பையன் போன் செய்தான். மேடம் ஸாரி சொல்லச் சொன்னாங்கம்மா, அடுத்த வாரத்துலேருந்து வேற படம் மாத்திடறோம் என்றான். மன்னிப்பைக்கூட ஆள் வைத்துக் கேட்கிற அளவுக்குப் பெரிய புரொடியூசர் ஆகிவிட்டாய். நல்ல பையன், நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். கதாநாயகிக்குத் தமிழ் அவ்வளவாக வராதாம், ஒவ்வொரு தடவையும் நீதான் முதலில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று வசனத்தைப் பேசிக் காட்டுவாயாம், அப்போது செட்டில் யாரும் மூச்சுவிட மாட்டார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு உன் சின்ன வயசு ஞாபகம்தான். ஏழு வயதில் சென்னையில் உன் முதல் சீரியல். இதே மாதிரி செத்த அம்மா படத்துக்கு முன்னால் நின்று நீ அழவேண்டும். கேமராவுக்குப் பின்னால் நான் உன் மாற்றுச் சட்டையோடு நிற்கிறேன், நீ என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாய். கடைசியில் டைரக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன், நீ அழுத சத்தம் கேட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். வளர்ந்த பிறகு நடிக்கக் கூப்பிடுவது நின்றது, நீ கேமராவுக்குப் பின்னால் போனாய், டைரக்டர் ஆனாய், எல்லாம் ஆனாய். நான்தான் இன்னும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

தினமும் ஏழரை மணிக்கு அந்தப் பெண் விளக்கேற்றிவிட்டு என்னிடம் பேசுகிறாள். மாமியார் சொன்னது, ஆபீசில் நடந்தது, தலைவலி, ஒன்றையும் விடுவதில்லை. நானும் இங்கிருந்து பதில் சொல்கிறேன், மாத்திரை போட்டியா, அவ கிடக்கிறா விடு என்று. ஒருநாள் சானியா ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, யாரும்மா வந்திருக்காங்க என்றாள். என் பொண்ணு என்று சொல்லிவிட்டேன்.

அதனால் படத்தை மாற்றாதே. மாலையை மட்டும் எடுத்துவிடு. அந்த அம்மா சாகவில்லை, ஆம்பூரில்தான் இருக்கிறாள், பெண்ணுக்கு யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று கதையைத் திருப்பு. சீரியலில் செத்தவர்கள் திரும்பி வருவது புதுசா என்ன? அந்தப் பெண் ரயிலில் வந்து இறங்கி, அம்மா வீட்டுக் கதவைத் தட்டட்டும். அவளுக்குச் சரியாகச் செய்ய வராவிட்டால், வழக்கம்போல நீ முதலில் செய்து காட்டு.

சித்தப்பா கொண்டுவந்த மாலையை உன் அப்பா படத்துக்குப் போட்டுவிட்டேன். காபியைக் கம்மி பண்ணு, வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். நீ நூறு வயசு நல்லா இருக்கணும் தாயி. ஒன்று மட்டும் மறக்காதே, வந்துவிட்டுக் கிளம்பும்போது போய்ட்டு வர்றேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போ.

உயிரோடு இருக்கும் உன் அம்மா,
கண்ணம்மாள்