இங்கே இரண்டு வடக்கும் ஒன்றுதான்

9 மே 2024, வியாழன்

மழை. இன்று பிரிஞ்சாங் மலைக்கு நான் கூட்டிப்போன பதினோரு பேரில் ஒன்பது பேருக்குச் சரியான சப்பாத்து இல்லை. ஒருத்தி காலில் வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு வந்து, சேற்றைப் பார்த்ததும் என்னை முறைக்கிறாள். ஏதோ நான்தான் கொண்டுவந்து கொட்டிய மாதிரி.

சாயங்காலம் எட்ரியன் நியூசிலாந்திலிருந்து கூப்பிட்டான். தோட்டத்தில் ஆப்பிள் பறிப்பு முடியப்போகிறதாம். இன்னும் மூன்று வாரத்தில் வந்துவிடுவான். இந்தச் சனி ஞாயிறு மலையில் நடக்கப் போகிறானாம். சனி ராத்திரி ஒரு குடிலில் தங்கி, ஞாயிறு அடுத்த குடில், அங்கிருந்து ரோடு. கூட வேலை செய்கிற விமலன் வரவில்லை, முட்டி வலியாம்.

"தனியாவா?" என்றேன்.

"உங்கிட்ட படிச்சவன் லா நான். மேப் இருக்கு, நீ குடுத்த காம்பஸ் இருக்கு. என்ன பயம்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனை ஞாயிறுதோறும் காட்டுக்குள் இழுத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தவள் நான். எங்கள் காதலே அதுதான், கல்யாணமெல்லாம் அப்புறம்.

13 மே, திங்கள்

நேற்று அன்னையர் தினம். மகன் கூப்பிடவில்லை என்று அத்தை மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார். "ஒங்க புள்ள மலையில இருக்காரு, லைன் கெடைக்காது" என்றேன். ஞாயிறு மாலையே இறங்கியிருக்க வேண்டும். என் மெசேஜுக்கு இன்னும் ஒரு டிக்தான், போய்ச் சேரவில்லை.

போன் சார்ஜ் போயிருக்கும்.

14 மே, செவ்வாய்

விமலன் கூப்பிட்டான். எட்ரியன் அறைக்குத் திரும்பவே இல்லை. நேற்று வேலைக்கும் வரவில்லை. விமலன் போலீசில் சொல்லிவிட்டான்.

பிறகு அங்கிருந்து ஒரு போலீஸ் அம்மாள் பேசினார். நிதானமான குரல். என்ன சட்டை, என்ன மருந்து, நீச்சல் தெரியுமா. கடைசியில், மேப்பும் காம்பசும் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். "ரொம்ப நல்லாவே தெரியும். நான் லைசென்ஸ் எடுத்த கைட். நானே சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சொன்னபிறகு எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

அத்தையிடம் சொன்னேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

15 மே, புதன்

முதல் குடிலில், தங்குகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்தில் அவன் எழுதியது கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலை ஏழரை. பாதை மண் சரிந்து மூடிவிட்டது, மேப்பும் காம்பசும் வைத்து நேராக அடுத்த குடிலுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறான். அடுத்த குடில் நேர் வடக்கே, ஐந்து கிலோமீட்டர். அந்தக் கோட்டிலேயே தேடுகிறார்கள். ராத்திரி நாலு டிகிரி குளிராம்.

இடத்தைப் பார்க்கலாமே என்று மதியம் அந்த ஊர் மேப்பைப் போனில் இறக்கினேன். ஓரத்தில் சின்னதாக அம்புகள் வரைந்திருந்தன. உண்மை வடக்கு ஒன்று, காந்த வடக்கு ஒன்று. நடுவே இருபத்திரண்டு டிகிரி.

இருபத்திரண்டு!

கைட் கோர்ஸில் இது ஒரு பக்கம் இருந்தது. காம்பஸ் ஊசி காட்டுவது காந்த வடக்கு, மேப்பில் இருப்பது உண்மை வடக்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஊருக்கு ஊர் மாறும், அதைக் கழித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எங்கள் மலையில் அது அரை டிகிரிகூட வராது. இங்கே யாரும் கழிப்பதில்லை. நான் ஒரு நாளும் கழித்ததில்லை. எங்கள் மேப்பிலும் அந்த அம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். எட்ரியன் ஒருநாள் கேட்டான், "இது ஏன் ரெண்டு?" என்று.

நான் சொன்னேன்: "அதெல்லாம் பரீட்சைக்கு. ரெண்டு வடக்கும் ஒண்ணுதான். ஊசி காட்டற பக்கம் நட, போய்ச் சேர்ந்துருவ."

'இங்கே' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அதற்கென்ன கேடு என் வாய்க்கு?

ஊசியை நம்பி நடந்திருந்தால் வடக்கே போகவில்லை. கிழக்கே சாய்ந்து சாய்ந்து போயிருப்பான். ஐந்து கிலோமீட்டரில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளி. கடையில் மேப்பைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு முகட்டைத் தாண்டிப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்குகிறது. அங்கே யாரும் தேடவில்லை.

16 மே, வியாழன்

சொல்லவில்லை.

காலை பத்து மணிக்கு அந்த அம்மாள் கூப்பிட்டார். "வேறு ஏதாவது ஞாபகம் வந்ததா?" என்று கேட்டார். எதிரே அத்தை. கம்போங் ராஜாவிலிருந்து வந்த மச்சான் ஜெஃப்ரி, எட்ரியனின் அண்ணன், வாசலில். இரண்டு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். "இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அங்கே போய் எட்டு மாதம் ஆகிறது, யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். அவன் சரியாகத்தான் போயிருப்பான், நான் வேறு எதையோ சொல்லித் தேடுகிறவர்களைக் குழப்பிவிடக் கூடாது. இப்படியெல்லாம் எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். உண்மை என்ன? வெட்கம். கிளாரிசா பெரிய கைட்டு. முந்தாநேத்துதான் போலீஸ்கிட்ட பீத்திக்கிட்டா. இப்ப வாயத் தொறந்தா மானம் போயிரும். அவ்வளவுதான்டி. அவ்வளவேதான்.

அத்தை சாப்பிடவில்லை. "எம்புள்ளைக்கு வழி தெரியும், நீ சொல்லிக் குடுத்திருக்கல்ல" என்கிறார். நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

17 மே, வெள்ளி

விடிந்ததும் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைக்குள் போய் நின்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். பென்சில் கோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன்.

படம் வந்துவிட்டது என்றார் அந்த அம்மாள். பிறகு, "நன்றி, இது ரொம்ப உதவி" என்றார். எப்போது தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

வீட்டுக்குள் வந்து அத்தையிடம், "வேற பக்கமும் தேடச் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

18 மே, சனி

கிடைத்துவிட்டான். அந்தப் பள்ளத்தில், ஓடைக்கு மேலே ஒரு பாறை அடியில். என் கோட்டிலிருந்து நூறு மீட்டர்கூட விலகவில்லை. கால் உடைந்திருந்தது.

உயிர் இல்லை.

ஆண்டவரே, நான் போட்ட கோடு சரியா இருக்கணும்னு யார் கேட்டா?

1 ஜூன், சனி

அடக்கம் முடிந்தது. கோயில் நிறைய ஜனம். வருகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். போலீசுக்கே தெரியாததை இங்கேயிருந்து இந்தப் பொண்ணு சொல்லியிருக்கு, கெட்டிக்காரி, இல்லையென்றால் உடம்புகூட வந்திருக்காது. ஜெஃப்ரி எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அத்தை என் தலையைத் தடவி, "நீ இல்லாட்டி நான் எம்புள்ள மூஞ்சியப் பாத்திருக்க மாட்டேன்" என்று அழுதார்.

நான் வாய் திறக்கவில்லை. இப்போதும்.

19 ஜூன், புதன்

வேலைக்குப் போனேன். பாதி வழியில் ஒரு ஆள் காம்பசை நீட்டி வடக்கு எது என்றார். காம்பசை மூடி அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். முதலாளியிடம் ஒரு மாதம் லீவு கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

24 ஆகஸ்ட், சனி

அவன் சாமான்களைப் போலீஸ் அனுப்பியிருந்தார்கள். நான் டவுனுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அத்தை பார்சலைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறார். கையில் மேப். அதன் பின்பக்கத்தில் எட்ரியன் எழுதியிருக்கிறான், தமிழில், கோணல்மாணலாக.

12 — விழுந்துட்டேன். இடது கால்.
13 — மழை.
14 — மேப்பில் எந்த இடம்னு தெரியல. ஆறு இருக்கக் கூடாது. இருக்கு.
15 — ஹெலிகாப்டர் சத்தம். அடுத்த பள்ளத்துல.
16 — மறுபடியும் சத்தம். இந்தப் பக்கம் வரல. கிளா தேடச் சொல்லிருப்பா.
17 —

பதினேழுக்கு நேரே ஒன்றும் இல்லை.

அத்தை கேட்டார்: "நீ போலீசுக்கு என்னிக்கு சொன்ன?"

"வெள்ளிக்கிழமை."

"ஒனக்கு என்னிக்குத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "புதன்" என்றேன்.

அத்தை கத்தவில்லை. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மேப்பில் பதினைந்தின் மேலே விரலை வைத்தார், பிறகு பதினாறு, பிறகு பதினேழு. "ரெண்டு நாளு" என்றார். அவ்வளவுதான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போவது போல் சேலை உடுத்திக்கொண்டு கிளம்பினார். ஜெஃப்ரியின் காடியில், பின் சீட்டில் இரண்டு பை. மேப்பையும் எடுத்துக்கொண்டுபோய்விட்டார். ஜெஃப்ரி என்னிடம், "அம்மாவுக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும்" என்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

30 செப்டம்பர்

ஆறு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். தூறிக்கொண்டே இருந்தது. நான் போகும்போது அத்தையும் ஜெஃப்ரியும் அவன் கல்லறையைக் கழுவிப் பூ வைத்திருந்தார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன். சாமியார் மந்திரித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

மூணாம் லைன் மோகனா குடையோடு வந்து நின்று, அத்தையிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "மேவிஸக்கா, எது எப்படியோ, ஒங்க மருமகதான் புள்ளையக் கண்டுபிடிச்சுக் குடுத்தா. அவ மட்டும் சொல்லலன்னா என்னா ஆயிருக்கும்?"

அத்தையின் வாயையே பார்த்தேன். சொல்லிவிடுவார். சொல்லட்டும், இத்தனை பேர் முன்னால் சொல்லட்டும், என்னைக் காறித் துப்பட்டும். அதற்காகவே இத்தனை மாதம் காத்திருந்த மாதிரி இருந்தது.

அத்தை காற்றுக்கு மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டார். நிமிரவில்லை.

"ஆமா. அவதான் சொன்னா" என்றார்.

பிறகு ஜெஃப்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு காடிக்கு நடந்தார். என் பக்கம் திரும்பவில்லை. மோகனா அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.