மைக்கை அணைக்க மறந்தேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பண்டமாரானில் லோரி ஓட்டும் முனியாண்டி அங்கிளுக்கு இரண்டு முறை வலது கை திடீரென்று செயலிழந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகியிருக்கிறது. எந்த ஸ்கேனிலும் காரணம் தெரியவில்லை. ரத்தக்கட்டியில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு ஸ்கேனில் ஒளிரும் ஒரு மருந்தை ஆராய்ச்சிக்காக எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்க்கிறோம். இன்று அதை அவருக்கு ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தேன்.

கழுத்து ரத்தக்குழாயில் அரிசி அளவுக்கு ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. "கிடைச்சிருச்சி" என்று கத்திவிட்டேன். இயந்திரத்துக்குள் படுத்திருப்பவரிடம் பேசும் மைக் திறந்தே இருந்தது.

இயந்திரத்துக்குள்ளிருந்து அங்கிள் கேட்டார்: "என்னம்மா கிடைச்சிச்சி?"

ஒருவர் கழுத்தில் ரத்தம் கட்டியிருப்பதற்கா நான் இப்படிக் குதித்தேன்? டாக்டர்தான் வந்து விளக்கினார். அது மூளைக்குப் போகுமுன் பார்த்துவிட்டோம், இன்றே மருந்து தொடங்கலாம் என்றார்.

மன்னிப்புக் கேட்க மாலையில் வார்டுக்குப் போனேன். அங்கிள் தன் மனைவியிடம், "இந்தப் பொண்ணுதான் லா கத்துச்சி" என்று என்னைக் காட்டினார்.

ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. "இத்தனை நாளா எல்லாரும் ஒண்ணுமில்லன்னு மெதுவாவே சொல்லி அனுப்பினாங்க. நீ ஒருத்திதாம்மா கத்தின."