உங்கள் தம்பி காப்பாற்றித் தந்த பாட்டுகள்

இஞ்சாருங்கோ,

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கடிதத்தில் மட்டும் "அன்புள்ள" என்று தொடங்கினால், இவள் வேறு யாருக்கோ எழுதுகிறாள் என்று திரும்பிப் படுத்துவிடுவீர்கள். அதனால் குசினியிலிருந்து கூப்பிடும் அதே கூப்பிடுதலோடு தொடங்குகிறேன். கொஞ்சம் எழும்பிக் கேளுங்கள். நீங்கள் போனபிறகு வீட்டில் நடந்த கூத்தை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் தம்பி குகன் ஏற்கனவே ஊரறிய எழுதிவிட்டார். அண்ணாவின் வாழ்நாள் இசைத்தொகுப்பை அழியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று இணையத்தில் படம் போட்டிருக்கிறார். படத்தில் அவர் கையில் ஒரு ஹாட் டிஸ்க். முகத்தில் யானையை அடக்கியவரின் களை. கீழே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கைகூப்பல்கள். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் ஒன்று போட்டிருப்பீர்கள். தம்பி என்றால் உங்களுக்குக் கண் தெரியாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூதூருக்கு ஓடிய லாஞ்சில் டிக்கெட் வெட்டியவர். பயணிகளிடம் கசெட் இரவல் வாங்குவது உங்கள் வியாதி. பாலங்கள் வந்து லாஞ்ச் நின்றபிறகு முன்னறையில் ஒரு கொம்பியூட்டரை வாங்கி வைத்து, அந்தக் கசெட்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றத் தொடங்கினீர்கள். அதோடு விட்டிருந்தால் திருகோணமலையில் உள்ள மற்றப் பாட்டுப் பைத்தியங்களில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். நீங்கள் விடவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து அறிவிப்பும் செய்தீர்கள்.

"இது மூதூர் சலீம் நானா தந்த கசெட். அவற்ற மகளின்ர கலியாணத்துக்கு வாங்கினது. இடையில ஒருக்கா நாடா சிக்கும், குறை நினையாதேங்கோ."

பாட்டு வருமுன் பாட்டைத் தந்தவரின் குடும்பக் கதை வரும். வானொலிக்காரர் உங்களை நேர்முகத்தேர்வில் கழித்துவிட்ட ஆத்திரத்தை எங்கள் முன்னறையில்தான் தீர்த்துக்கொண்டீர்கள். அதுவும் அந்த மூக்கடைத்த குரலில். இந்தத் தடிமன் குரலுக்கு எவன் மைக் தருவான் என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் என் அபிப்பிராயம் அதுதான். உங்கள் பாட்டுகளில் பாதியை என்னால் சகிக்க ஏலாது என்பதும் மாறவில்லை.

ஆனால் நீங்கள் போன பிறகு உங்கள் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் கொம்பியூட்டர்தான். எங்கள் கலியாண வீடியோவில்கூட நீங்கள் வாய் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். பாட்டு எக்கேடு கெட்டாலும் போகட்டும், அந்தக் குரல் எனக்கு வேண்டும். இதைக் குகனிடம் தெளிவாகச் சொன்னேன். அவரும் ஓம் ஓம் என்றார்.

உங்கள் தம்பிக்குக் கொழும்பில் கண்ணாடிக் கட்டடமொன்றில் வேலை என்பது உலகத்துக்கே தெரியும். தெரியாமல் போய்விடுமோ என்று செத்தவீட்டுக்கும் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் வந்தார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி வரைக்கும் நிற்கவேண்டி வந்ததில் மனிதருக்குப் பொழுது போகவில்லை. கண் உங்கள் கொம்பியூட்டரில் விழுந்தது. அது ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்துக்கொண்டிருந்தது உண்மைதான்.

"அண்ணி, இது இண்டைக்கோ நாளைக்கோ போயிடும். எல்லாத்தையும் ஒரு ஹாட் டிஸ்குக்கு மாத்திவிடுறன். பிறகு அம்பது வருசத்துக்குக் கவலையில்லை."

நானும் நம்பினேன். டவுனுக்குப் போய் வாங்கி வந்தார். கேபிளைச் செருகினார். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறுமுன் வேலை முடிந்துவிட்டது என்றார். எனக்கு அங்கேயே இடித்தது. நானும் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்து கொம்பியூட்டருக்கு முன்னாலேயே முதுகு வளைந்தவள். இவ்வளவு கெதியில் எப்படி என்று கேட்டேன். இப்போதைய டிஸ்க் எல்லாம் அப்படித்தான் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். சரி, உங்கள் மடிக்கணினியில் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன்.

அவ்வளவுதான், உங்கள் அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டார்.

சாவுத் துடக்குக் கழியாத வீட்டில் பாட்டா என்று அவருக்குக் கொதிப்பு. நான் பாட்டுக் கேட்கவில்லை மச்சாள், இவருடைய கதையைத்தான் கேட்கப்போகிறேன் என்றேன். கதை முடியப் பாட்டு வருமே என்றார். நியாயமான கேள்விதான். அப்படியென்றால் காதில் மாட்டிக் கேட்கிறேன் என்றேன்.

"காது மட்டும் வேற வீட்டுக் காதோ?" என்றார் மச்சாள்.

குகனும் உடனே ஆசாரசீலர் ஆகிவிட்டார். அதுவரை கிணற்றடியில் நின்று கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தான். சனம் என்ன கதைக்கும் அண்ணி, அந்திரட்டி முடியட்டும் என்றார். பெயர்களை மட்டும் திரையில் ஓட்டிக் காட்டினார். எல்லாம் வரிசையாக இருந்தன, சலீம் நானா, நிலாவெளி டெய்லர், ஆஸ்பத்திரி மிஸ். பார்த்தீர்களா, ஒன்றும் குறையவில்லை என்றார். மச்சாள் டிஸ்கை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு வீட்டோடு சண்டை பிடிக்கத் தெம்பில்லாத நாட்கள் அவை.

கேட்டுப் பார்த்தபிறகுதான் கொம்பியூட்டரில் கை வைக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தேன். உங்கள் மரணச் சான்றிதழ் விஷயமாக நான் கந்தோருக்குப் போன அன்றைக்கே குகன் அதை உள்ளே ஒன்றுமில்லாமல் துடைத்துச் சுத்தமாக்கி, கோயிலடி வாசிகசாலைக்கு உங்கள் ஞாபகார்த்தமாக அன்பளிப்புச் செய்துவிட்டார். அதற்கும் ஒரு படம். துடக்கு வீட்டுச் சாமான் கோயிலடிக்குப் போகலாமா என்று ஒருவருக்கும் கேள்வி வரவில்லை. பாட்டுக்குத்தான் துடக்கு, கொம்பியூட்டருக்கு இல்லை. இந்தச் சாத்திரத்தை எழுதியவர் யார் என்று அங்கே எங்கேயாவது கண்டால் கேட்டு வையுங்கள்.

அந்திரட்டி நடந்தது. ஐயர் போனார், சனம் சாப்பிட்டு வெற்றிலையும் போட்டுக்கொண்டு போனது, குகனும் கொழும்புக்குப் போனார். பக்கத்து வீட்டு டீச்சரிடம் மடிக்கணினியை இரவல் வாங்கி டிஸ்கைச் செருகினேன். பெயர்கள் எல்லாம் வந்தன. சலீம் நானாவைத் தட்டினேன். கோப்பைக் காணவில்லை என்றது. டெய்லரைத் தட்டினேன், அதே பதில். அப்போதுதான் ஒவ்வொரு பெயரின் மூலையிலும் அந்தக் குட்டி அம்புக்குறியைக் கண்டேன்.

நீங்கள் பாட்டுகளை உள்ளே ஓரிடத்தில் வைத்துவிட்டு, தந்தவர்களின் பெயரில் வெளியே ஷோர்ட்கட் போட்டு வைத்திருந்தீர்கள். ஷோர்ட்கட் என்றால் வீட்டுக்குப் போகும் வழியைக் காட்டும் பலகை. கண்ணாடிக் கட்டடத்து மேதை பலகைகளை எல்லாம் பத்திரமாகப் பிடுங்கி டிஸ்கில் நட்டுவிட்டு, வீட்டை இடித்துவிட்டார். ஒரு பாட்டை, ஒரேயொரு பாட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போட்டுப் பார்க்க விட்டார்களா?

குகனுக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் நிற்கிறேன் அண்ணி என்றார். நான் விடவில்லை. விஷயத்தை முழுதாகக் கேட்டார். பிறகு சிரித்தார். நம்புவீர்களா?

"அந்தப் பாட்டெல்லாம் இப்ப போனிலயே கிடக்குது அண்ணி. நான் மாசக்காசு கட்டி எடுத்துத் தாறன். இதைவிடத் துப்பரவாக் கேக்கும்."

"அதில உங்கட அண்ணாவும் வந்து கதைப்பாரோ?" என்று கேட்டேன்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். கொழும்பில் லைன் எப்போது கெடும், எப்போது சரியாகும் என்பது உங்கள் தம்பிக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

வாசிகசாலைக்குப் போனேன். உங்கள் ஞாபகார்த்தத்தில் ஒருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். செயலாளர் கதிரையிலிருந்து எழும்பாமலே, அன்பளிப்பாக வந்த சாமானைத் திருப்பித் தருவதென்றால் நிர்வாகசபை கூடித் தீர்மானம் எடுக்கவேண்டும் என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்றேன். தலைவர் வெளிநாட்டிலிருந்து வந்தபிறகு என்றார். வயர்களைக் கழற்றினேன், பெட்டியைத் தூக்கினேன், ஓட்டோவில் ஏறினேன். சீட்டு விளையாடியவர் என்ன நினைத்தாரோ, வாசல் கதவைத் திறந்து பிடித்திருந்தார். செயலாளர் பின்னால் ஓடிவந்தார். எங்கள் ஊர் ரோட்டில் மாடுகளைப் போலத் திரியும் மான்களுக்காக ஓட்டோ நின்றபோது எட்டிப் பிடித்தும்விட்டார். தீர்மானம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாங்கோ, தேத்தண்ணி தாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை வரவில்லை.

டவுனில் அழிந்ததை மீட்டுத் தருவோம் என்று பெயர்ப்பலகை வைத்த கடையொன்று இருக்கிறது. கடைக்காரர் நீண்ட நேரம் தலையைச் சொறிந்தார். துடைத்தாலும் உள்ளே மிச்சம் இருக்குமாம், ஆனால் வாசிகசாலைக்காரர் அதன்மேல் படங்களையும் விளையாட்டுகளையும் ஏற்றியதால் கொஞ்சம் நசிந்திருக்குமாம். பெயர்கள் ஒன்றும் வராதாம், வெறும் இலக்கங்கள்தான் வருமாம். பாட்டு வந்தால் சரிதானே அக்கா, பெயரில்லாவிட்டால் என்ன என்றார். இந்த ஊரில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்திலா படித்தார்கள்?

இலக்கங்களாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எது எந்தக் கசெட், எவர் தந்தது, ஒன்றும் தெரியாது. முதலாவதைத் தட்டினேன். மூக்கடைத்த குரல் ஒன்று, "இது குச்சவெளி போஸ்ட் மாஸ்டர் தந்தது. திருப்பிக் குடுக்கேல்லை, மனுசன் மறந்திட்டார் எண்டு நினைக்கிறன்" என்றது.

அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது. நன்றாகச் சத்தம் வைத்து அழுதேன். போட்டுப் பார்க்கவே விடாத மச்சாளும் பக்கத்தில் இருந்து அழுதார். பிறகு அடுத்ததைப் போடு என்றார்.

ஊரே சிரித்த உங்கள் அறிவிப்பை வைத்துத்தான் இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் போடுகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். காலையில் சமையலுக்கு முன் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். "அடுத்து வருவது ஓர் இனிய பாடல்" என்று நீங்கள் சொல்லும் இடத்தில் எல்லாம் பொய் சொல்லாதேங்கோ என்று சொல்லிவிட்டு அடிக்கிறேன். புதிதாக வாங்கிய இரண்டு டிஸ்கில் ஏற்றுகிறேன், ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டபிறகு.

எல்லாம் முழுதாக வரவில்லை. சிலவற்றில் உங்கள் குரல் இருக்கிறது, பாட்டு அறுந்துவிட்டது. அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிலவற்றில் முன்பக்கம் நசிந்து உங்கள் குரல் போய்விட்டது, பாட்டு மட்டும் மினுக்கமாக ஓடுகிறது. அவற்றை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது குகன் எடுத்தார். மீட்டெடுத்த செய்தி எப்படியோ போயிருக்கிறது. தன் பாதுகாப்புப் பணியின் இரண்டாம் கட்டம் என்று அதையும் இணையத்தில் எழுதிவிட்டார். தனக்கும் ஒரு கொப்பி வேண்டுமாம்.

அனுப்பினேன். அவர் வாங்கித் தந்த அதே டிஸ்கில், குரல் இல்லாத பாட்டுகளை மட்டும் போட்டு, கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றும் துப்பரவாகக் கேட்கும்.

போன கிழமை மறுபடியும் எடுத்தார். லைன் நன்றாக இருந்தது.

"அண்ணி, எல்லாத்தையும் போட்டுப் பாத்திட்டன். அண்ணாட குரல் ஒண்டிலயும் இல்லையே."

எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாராம். இந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்தது?

"போனில கிடக்குமே தம்பி, தேடிப் பாருங்கோ" என்று சொல்லி நான்தான் இந்தமுறை வைத்தேன்.

உங்களுக்குக் கோபம் வரும். அவன் சின்னப்பெடியன், விடு என்பீர்கள். அந்தச் சின்னப்பெடியனுக்குத் தலை நரைத்துவிட்டது. கொப்பி கொடுக்கமாட்டேன், நீங்கள் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஆனால் ஒன்று வாக்குத் தருகிறேன். அவருக்குக் கேட்கவேண்டுமென்றால் இங்கே வரட்டும், கழுத்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முன்னறையில் உங்கள் கதிரையில் இருக்கட்டும். பாட்டு அறுந்து குரல் மட்டும் மிஞ்சியவற்றில் ஒன்றை அவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அதில் நீங்கள் சொல்கிறீர்கள்: "இது என்ர தம்பி குகன் தன்ர முதல் சம்பளத்தில எனக்கு வாங்கித் தந்தது. நான் ஒருத்தருக்கும் இரவல் குடுக்காத கசெட் இது மட்டும்தான்." வந்தால் முதலில் அதைத்தான் போடுவேன், சத்தமாக.

இப்படிக்கு,
நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் நின்று சிரித்த
உங்கள் மனுசி