இரண்டாவது கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கு வழக்கின் தோட்டா இன்று தடயவியல் ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்தது. சுடப்பட்டு இறந்தவர் கிடங்கின் மேலாளர். பிடிபட்டிருப்பவர் அதே கிடங்கின் காவலாளி. ஐந்து வாரமாகச் சிறையில் இருக்கிறார். அவருடைய ரிவால்வரையும் அனுப்பியிருக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குள் நான்கு முறை சுட்டுத் தோட்டாக்களை எடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் இடப்பக்கம் இறந்தவர் உடம்பிலிருந்து எடுத்தது, வலப்பக்கம் நான் சுட்டது. இரண்டிலும் துப்பாக்கிக் குழல் பதித்த ஐந்து பள்ளம், வலப்பக்கத் திருகு, அகலமும் ஒன்றே. இதில் ஒன்றுமில்லை. அந்த ரகத் துப்பாக்கி எல்லாமே அப்படித்தான் இருக்கும். பள்ளத்துக்குள் ஓடும் மெல்லிய கீறல்கள்தான் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி. அவை ஓர் இடத்தில்கூடச் சேரவில்லை.

மார்ச் 6

மூன்றாம் நாளாகப் பார்க்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மூன்று கீறல் கைகோத்து வருகின்றன. அடுத்த மயிரிழையில் பிரிந்து போகின்றன. என் தாளில் எழுதிவிட்டேன்: ‘இந்தத் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டது என்று சொல்ல இயலாது.’

மார்ச் 7

ஆய்வக இயக்குநர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“அவனே ஒத்துக்கிட்டாம்மா. நீங்க என்ன புதுசா ஒண்ணு கிளப்புறீங்க?”

“ஒத்துக்கிட்டவருக்கு என் மைக்ராஸ்கோப் எதுக்கு சார்?”

“கோர்ட்டுக்கு ஒரு தாள் வேணும். அதுக்கு.”

தாள் வேணுமாம்! அப்போ நான் யார், டைப் மிஷினா?

மார்ச் 8

பேனாவை எடுத்தேன், மறுபடியும் மூடி வைத்துவிட்டேன். இன்று வேண்டாம்.

மார்ச் 12

அறிக்கை போய்விட்டது. என் தாளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ‘இத்துப்பாக்கியிலிருந்தே சுடப்பட்டது’ என்று புதிதாக ஒன்று. பக்கத்து மேசைக்காரர் கையெழுத்து. ஆபீஸில் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பார். மைக்ராஸ்கோப்பில் உட்காருகிறவர் நேரத்தை அங்கிருக்கும் நோட்டில் குறிக்க வேண்டும். புரட்டினேன். அந்த வாரம் முழுக்க என் பெயர்தான் இருக்கிறது. அந்த ஆள் கண்ணையே வைக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட!

கேட்டேன், எல்லோர் காதிலும் விழும்படியே. “பார்க்காம எப்படி சார் போட்டீங்க? மனுஷன் ஆயுசு பூரா உள்ள போயிடுவான்!”

அவர் டிபன் டப்பாவை மூடினார். கோபமே இல்லை அவருக்கு.

“நான் நீட்டின தாள்ல நீங்க ரெண்டாவது கையெழுத்து போட்டதே இல்லையா? எத்தனை தடவை உக்காந்து பார்த்துட்டுப் போட்டீங்க? சொல்லுங்க.”

என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 13

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஆபீஸிலேயே உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் பார்த்தேன். சரிபார்த்தவர் என்று நான் கையெழுத்திட்ட வழக்குகள் முப்பத்தொன்று. அவற்றில் நான்கில், மைக்ராஸ்கோப் நோட்டில் என் நேரம் இல்லை.

நான்கு. ஏன் போட்டேன்? ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு நாள் தலைவலி. மற்ற இரண்டு நாளும் என்ன காரணம் என்றுகூட நினைவில்லை.

நேற்று அந்த மனிதரைப் பார்த்து என்ன குரல் எடுத்தேன்!

மார்ச் 15

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஓட்டுகிறவர்; எதைச் சொன்னாலும் கொஞ்ச தூரம் போய்த்தான் பதில் வரும். இரண்டாவது டம்ளர் டீ முடிந்த பிறகு சொன்னார்: “காவலாளி விஷயத்தை கோர்ட்டுக்கு எழுது. அந்த நாலை எதுக்கு இழுத்துவிடுற? உன் தலையில நீயே கல்லைப் போட்டுக்கிறியா?”

“அப்போ அவருக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?”

அவர் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 17

என் தாள், படங்கள், நோட்டின் நகல் எல்லாவற்றையும் நீதிபதிக்கு அனுப்பினேன். நான்கைப் பற்றி எழுதவில்லை. எழுதவில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 22

சாட்சிக் கூண்டு. அரசு வக்கீல் என்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று தெரியும்.

“நீங்க எந்த அறிக்கையிலும் பார்க்காம கையெழுத்து போட்டதே இல்லையாம்மா?”

“போட்டிருக்கேன். நாலு தடவை.”

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அடுத்த கேள்வியைத் தாளில் தேடினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அது வேறு விஷயம், இந்த வழக்கோடு சேராது என்றார். தோட்டாவை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவு போட்டார்.

கூண்டுக்கு எதிரே காவலாளி நின்றிருந்தார். மெலிந்த மனிதர். நான் பேசி முடிக்கும் வரை நிமிரவே இல்லை.

ஏப்ரல் 25

என்னைப் பதிவறைக்கு மாற்றிவிட்டார்கள். ‘நிர்வாகக் காரணம்.’ ஜன்னல் இல்லை, இரும்பு அலமாரிகள் மட்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் என் மைக்ராஸ்கோப்பில். பார்த்தவள் தூசி தட்டுகிறேன். இதற்குப் பெயர் நிர்வாகமாம்.

ஜூலை 3

வெளியூர் அறிக்கை வந்துவிட்டது. சுட்டது அந்தத் துப்பாக்கி இல்லவே இல்லையாம். காவலாளியை விட்டுவிட்டார்கள். ஒத்துக்கொண்டதாகச் சொன்னதெல்லாம் அடித்து வாங்கியது என்று அவர் வக்கீல் சொன்னார். ‘அவசரம்’ பதிவறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். நான்கு நான்கு என்றே மனசு அடித்துக்கொள்கிறது. அந்த நான்கை யாரும் திரும்பிக் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 18

பழைய வழக்குப் படங்கள் எல்லாம் நான் காவல் காக்கிற இதே அலமாரிகளில்தான் இருக்கின்றன. இவ்வளவு நாள் எடுத்துப் பார்க்கப் பயந்தேன். அதுதான் நிஜம். இன்று எடுத்தேன்.

முதல் மூன்றும் சரி. கீறலோடு கீறல் ஓடிச் சேர்கிறது. மூச்சு வந்தது.

நாலாவது சேரவில்லை. கீறல் வரைக்கும் போகவே வேண்டாம், பள்ளத்தின் அகலமே வேறு. ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். அந்த வழக்கில் உள்ளே போனவர் ஒரு மெக்கானிக். இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. படத்துக்குக் கீழே என் கையெழுத்து, அடிக்கோடு எல்லாம் போட்டு அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19

மெக்கானிக் வழக்குக்காக ஒரு மனு எழுதி, காலையிலேயே நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன். பஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்காரரும் கூட வந்தார்; வழக்குக் கோப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஜன்னலில் இருந்த எழுத்தர் மனுவைத் திருப்பிப் பார்த்தார்.

“யார் மேலம்மா புகார்?”

“என் மேலதான்.”

சரியாகக் கேட்கவில்லை போல, மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.