வளைவில் ஆடாத வண்டி

ஏனுங்க,

இன்றைக்குக் காலையிலும் அரவேணு வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசிவிட்டது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் 'கர்ர்' என்று ஒரு சத்தம். கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கே அடிபட்டதுபோல முகத்தைச் சுளித்து, இறங்கிக் குனிந்து பார்த்திருப்பீர்கள். நான் இறங்கவில்லை. ஆனால் கோத்தகிரி போய்ச் சேரும்வரை உங்களிடம் பேசிக்கொண்டே போனேன். பேசியது போதாமல் இப்போது எழுதுகிறேன்.

டீ ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் இந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது நினைவிருக்கிறது. சிவப்புக் கார். தரையோடு தரையாக, பாயப்போகிற நாய் மாதிரி பதுங்கி நின்றது. பக்கத்து ஊட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்ணா, நம்ம ரோட்டுக்கு இது ஆகுமுங்களா? கொஞ்சம் உசரமா எடுத்திருக்கலாமுல்லீங்க?"

"பார்க்க நல்லாருக்குதுல்ல? அதுக்குத்தான் எடுத்தேன்" என்று சிரித்தீர்கள்.

பெங்களூரிலிருந்து மகன் போனில், "அப்பாவுக்கு வாலிபம் திரும்பிருச்சும்மா" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. முன் சீட்டில் உட்கார்ந்ததும், "என்னங்க இது, பாயில உக்காந்து போற மாதிரி இருக்குது" என்றேன். "போகப் போகப் பழகிரும், அம்மிணி" என்றீர்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து கல்யாணமாகி மலையேறிய நாள் முதல் எனக்கும் இந்த வளைவுகளுக்கும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் பாலிதீன் கவர். மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நான் பாதி ஆளாகியிருப்பேன். அதற்குப் பயந்தே என் தங்கை வீட்டுச் சீர், விசேஷங்களுக்கெல்லாம் நீங்கள் மட்டும் போய் வந்தீர்கள்.

புது வண்டியில் முதல் முறை கீழே போனபோதும் கவரை மடியில் விரித்துத்தான் வைத்திருந்தேன். குஞ்சப்பனை வளைவுகளில் நீங்கள் ரோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "ரோட்டைப் பாருங்க" என்று நான் அதட்டினேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது கவர் காலியாகவே இருந்தது. "பசிக்குதுங்க" என்றேன். ஓட்டலுக்குக் கூட்டிப்போய் தோசை வாங்கித் தந்தீர்கள். தின்று முடிப்பதற்குள் இன்னொரு தோசையும் கொண்டுவரச் சொன்னீர்கள். வயதானதும் அந்தத் தொல்லை தானாக நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். வருஷம் திரும்பியதும் மகன் வந்தான். "ஓட்ட ஆளில்லாம நின்னா கெட்டுப்போயிரும்மா. வாங்கின எடத்துலயே கொடுத்துரலாம்" என்றான். சரி என்றேன். அவன் ஓட்ட, நானும் கூடவே கீழே போனேன்.

ஷோரூமில் உங்களுக்கு வண்டி விற்ற பெண்ணே இருந்தாள். நீங்கள் இல்லை என்று கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது. என்னைப் பார்த்து, "நீங்கதானுங்களா அந்த அம்மா?" என்றாள்.

"எந்த அம்மா?"

"'எங்க ஊட்டுக்காரிக்கு மலை ஏறி எறங்க ஆகாதுங்க, எந்த வண்டி வளைவுல ஆடாதுன்னு பார்க்கோணும்'னாருங்க. சார் எந்த வண்டியிலயும் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லீங்க. எங்க ஷோரூம் பையனைக் கல்லாறு பக்கம் வளைவுல ஓட்டச் சொல்லிட்டு, பக்கத்து சீட்டுல கண்ணை மூடி உக்காந்துக்குவாரு. ஒவ்வொரு வண்டியா அப்பிடிப் பார்த்துத்தான் இதை எடுத்தாருங்க. கலரும் நீங்க சொன்னதுன்னாரே?"

நான் எப்போது கலர் சொன்னேன்? ரோட்டில் போன ஏதோ ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

மகன் என் பக்கம் திரும்பாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோளைத் தொட்டு, "சாவியை வாங்கு, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

அதன் பிறகு கோத்தகிரியில் ஒரு பெண்ணிடம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிளட்சை விடத் தெரியாமல் தேயிலைப் புதரில் ஒரு முறை வண்டியின் மூக்கை விட்டேன். இப்போது பரவாயில்லை.

பிடித்தது, பிடிக்காதது எல்லாம் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கியர் விரலால் தொட்டாலே விழுகிறது. வளைவில் ரோட்டை உடும்பு மாதிரி பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் எனக்கே கொஞ்சம் திமிர் வந்துவிடுகிறது. மூடுபனியில் கண்ணாடி மங்கினால் ஒரு பட்டனில் தெளிந்துவிடுகிறது. ஆனால் பின்கண்ணாடி இவ்வளவு சின்னதாகவா வைப்பார்கள்? ரிவர்ஸ் எடுப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்கிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகெலும்பு வரை இடிக்கிறது. பின் சீட்டில் சம்பந்தியம்மாவின் கொண்டை கூரையில் முட்டி, அவர் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார். சேலையோடு இறங்குவது பெரும்பாடு. காலேஜ் பையன்கள் சிவப்பு வண்டியைப் பார்த்துப் போட்டிக்கு வந்து, உள்ளே என்னைப் பார்த்ததும் அசடு வழிந்துகொண்டு போகிறார்கள்.

போன வாரம் மஞ்சூருக்குப் போனேன், தனியாக. இத்தனை வருஷம் இந்த மலையிலேயே இருந்தும், வளைவுகளுக்குப் பயந்து அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. தேயிலைச் சரிவெல்லாம் வெயிலில் பளபளத்தது. ஒரு கடையோரம் நிறுத்தி டீ சொன்னேன். கடைக்காரர் வண்டியையும் என்னையும் பார்த்தார்.

"டிரைவர் எங்கீங்கம்மா?"

"நாந்தானுங்க."

"அப்பிடீங்களா! வண்டி யாருதுங்க?"

எங்க ஊட்டுக்காரருது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"என்னுதுங்க" என்றேன். "எனக்குன்னே பார்த்து வாங்கினது."