ஆங்கிலத்தில் தொண்ணூற்றிரண்டு

ஜெசிந்தா அப்பாவுக்கு,

கடலில் உங்களை மாதா காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது.

மூத்தவள் ஆங்கிலத்தில் தொண்ணூற்றிரண்டு வாங்கியதைக் கப்பல் முழுக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த மார்க்கைப் பார்த்துத்தான் மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

போன வாரம் சின்னவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. காய்ச்சல் மருந்தும் உங்கள் முழங்கால் தைலமும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தன. எனக்கு வாசிக்கத் தெரியாதே. மூத்தவளைக் கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டினாள். கரண்டியில் ஊற்றிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனபோதுதான் தைல நெடி மூக்கில் ஏறியது.

"ஏளா, இங்கிலீஷ்லதான எழுதியிருக்கு? வாசிக்கலியா?"

"புஸ்தகத்துல உள்ளதுன்னா முழுசும் ஒப்பிச்சிருவேம்மா. இது பாடத்துல வரலியே" என்று அழுதாள். "அப்பாட்ட சொல்லிராதிய."

மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

நீங்கள் கோபப்படுவீர்கள். இருந்தாலும் இந்த வருஷம் அவளை அனுப்பவில்லை. கான்வென்ட் சிஸ்டரிடம் முதலிலிருந்து வாசிக்கப் பழகட்டும்.

இதை மூத்தவளிடம் சொன்ன பிறகுதான் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டாள்.

உங்கள் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
வீட்டுக்காரி

(பக்கத்து வீட்டு டீச்சர் எழுதித் தந்தது)